ஆயுதமா, உடைமையா, மொழியா? கட்டற்ற மறையாக்க மென்பொருள் கடந்து வந்த சட்டத் தடைகள்

தமிழ் இலக்கணிகள் குழூஉக்குறி என்றொரு வழக்கை வகுத்துக் காட்டியுள்ளனர். ஒரு தொழிலைச் சார்ந்தோர் தமக்குள் மட்டும் விளங்குமாறு ஒரு பொருளின் பெயரை மாற்றி வழங்குவதே அது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது நன்னூல் உரைகளில் இடம்பெறும் எடுத்துக்காட்டாகும். பிறர் அறியாவண்ணம் பேசுதலை நம் இலக்கணம் குற்றமாகக் கருதவில்லை. அதனைத் தகுதி வழக்கின்பாற்படுத்தி, மொழியின் இயல்புகளுள் ஒன்றாகவே ஏற்றுக்கொண்டது.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நாட்டுச் சட்டமும் இதனையொத்த வினா ஒன்றை எதிர்கொண்டது. பிறர் அறியாவண்ணம் எழுதுதற்குரிய கருவி ஒன்றை ஒருவர் உருவாக்கி, அதனை உலகோர்க்கு விலையின்றி வழங்குகின்றார். அவர் செய்தது ஆயுத ஏற்றுமதியா? பிறர் உடைமையைக் கவர்தலா? அன்றி, ஒரு நூலை எழுதி வெளியிடுதல் போன்றதொரு மொழிச்செயலா? மூன்று விடைகளும் அந்நாட்டில் சொல்லப்பட்டன. மூன்றும் ஏறத்தாழ ஒரே பத்தாண்டுக் காலத்தில் சொல்லப்பட்டன. கணினியியல் நம் துறையன்று. எனினும், ‘மொழி என்பது எது?’ என்னும் வினா நீதிமன்றத்தில் எழுந்தபின்னர் மொழியியல் பயின்றோர் அதனைக் கருதாதிருத்தல் இயலாது. ஆதலின், அவ்வரலாற்றை ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

கலைச்சொற்கள் சில

முதற்கண் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ‘குறியாக்கம்’ என்னும் சொல் இன்று இரு பொருளில் வழங்குகின்றது. எழுத்துகளுக்குக் கணினியில் எண் வழங்கும் ஒருங்குறி போன்ற முறையும் குறியாக்கமே. செய்தியை மறைத்தெழுதுதலும் குறியாக்கமே. இம்மயக்கத்தைத் தவிர்க்கவேண்டி, மறைத்தெழுதுதலை இவ்வுரையில் ‘மறையாக்கம்’ என்றே குறிப்போம்.

‘கட்டற்ற மென்பொருள்’ என்பதும் இலவச மென்பொருள் என்பதும் ஒன்றல்ல. எவரும் பயன்படுத்தலாம், அதன் மூல நிரலைப் படித்தறியலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்னும் உரிமைகளை உடையதே கட்டற்ற மென்பொருள். ‘காப்புரிமை’ என்னும் சொல்லையும் சிலர் நூலாசிரியரின் பதிப்புரிமைக்கு வழங்குவர். இவ்வுரையில் அது புதிய கண்டுபிடிப்பொன்றைக் குறிப்பிட்ட காலத்திற்கு ஒருவரே ஆளுதற்கு அரசு வழங்கும் தனியுரிமையை மட்டுமே குறிக்கும்.

பொதுத் திறவுகோல்

மறையாக்கம் பன்னெடுங்காலமாக ஓர் இடர்ப்பாட்டைக் கொண்டிருந்தது. செய்தியை மறைப்பதற்கும் அதனைத் திரும்ப வெளிப்படுத்துவதற்கும் ஒரே திறவுகோல் தேவைப்பட்டது. அத்திறவுகோலை எதிர்முனையிலுள்ளவரிடம் முன்னரே கொண்டுசேர்த்தல் வேண்டும். தூதர்களையும் காவலர்களையும் உடைய அரசுக்கு இஃது எளிது. ஒருவரையொருவர் கண்டிராத பொதுமக்கள் இருவர்க்கோ இஃது அரிது.

1976ஆம் ஆண்டில் விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகியோர் இவ்விடர்ப்பாட்டுக்குத் தீர்வு கண்டு கட்டுரையொன்றை வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்னும் மூவர், தம் பெயர்களின் முதலெழுத்துகளால் ‘ஆர்எஸ்ஏ’ என்றழைக்கப்படும் முறையைக் கண்டனர். இம்முறையில் ஒவ்வொருவர்க்கும் இரு திறவுகோல்கள் உண்டு. ஒன்றை ஊரறிய வெளியிடலாம். மற்றொன்றைத் தம்மிடமே மறைவாக வைத்துக்கொள்ளவேண்டும். பொதுத் திறவுகோலால் பூட்டப்பட்டதைத் தனித் திறவுகோலால் மட்டுமே திறக்க இயலும்.

இதன் அடிப்படை பள்ளி மாணவரும் அறிந்த எண் கணக்காகும். 53, 61 ஆகிய இரு பகா எண்களைப் பெருக்கினால் 3,233 கிடைக்கும். இஃது எளிது. ஆயின், 3,233 என்பதை மட்டும் கொடுத்து, அது எவ்விரு பகா எண்களின் பெருக்கம் என வினவினால், விடை காணச் சற்றுக் காலம் செல்லும். நூற்றுக்கணக்கான இலக்கங்களைக் கொண்ட எண்ணாயின் கணினிகளுமே திகைக்கும். பெருக்குதல் எளிது, பிரித்தல் அரிது என்னும் இவ்வேறுபாடே பூட்டாகப் பயன்படுகின்றது.

சூத்திரம் உடைமையாதல்

கணிதச் சூத்திரத்திற்குக் காப்புரிமை இல்லை என்பது அமெரிக்கச் சட்டத்தின் பொதுக் கொள்கை. 1972ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியிருந்தது. எனினும் ஆர்எஸ்ஏ முறைக்கு 1977 டிசம்பரில் விண்ணப்பிக்கப்பட்டு, 1983 செப்டம்பர் 20ஆம் நாள் 4,405,829 என்னும் எண்ணுடைய காப்புரிமை வழங்கப்பட்டது. எவ்வாறு? விண்ணப்பம் சூத்திரத்தைச் சூத்திரம் என்று சொல்லவில்லை. செய்தி செல்லும் வழி, அதன் ஒரு முனையில் மறைக்கும் அமைப்பு, மறுமுனையில் வெளிப்படுத்தும் அமைப்பு என்று விரித்து, அனைத்தையும் சேர்த்து ‘மறையாக்கத் தொடர்பு அமைப்பும் முறையும்’ எனப் பெயரிட்டது. பெயர் மாறியது, சட்டத்தின் பார்வையும் உடன் மாறியது.

இக்காப்புரிமை அமெரிக்காவுக்குள் மட்டுமே செல்லும் என்பது மற்றொரு செய்தி. விண்ணப்பம் இடப்படுவதற்கு முன்னரே, 1977 ஆகஸ்டில், ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் இம்முறை பற்றிய கட்டுரை வெளிவந்துவிட்டது. பொதுவில் வெளியான ஒன்றைப் புதியதெனக் கொள்ளப் பெரும்பாலான நாடுகளின் சட்டம் இடந்தருவதில்லை. ஆகவே, அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் உடைமையாயிருந்த அதே சூத்திரம், பிற நாடுகளில் எல்லார்க்கும் பொதுவாயிற்று.

1991: ஒரு மென்பொருள், இரு மதில்கள்

1991ஆம் ஆண்டில் அமெரிக்க மேலவையின் முன்வைக்கப்பட்ட சட்ட முன்வரைவு ஒன்றில், தொடர்புக் கருவிகளை உருவாக்குவோர், சட்டப்படி அனுமதி பெற்ற அரசு செய்திகளின் வெளிப்படையான வடிவைப் பெறத்தக்கவாறு அவற்றை அமைத்தல் வேண்டும் என்னும் கருத்து இடம்பெற்றது. அப்பகுதி பின்னர்க் கைவிடப்பட்டது. ஆயின், அதனைக் கண்டு கவலையுற்ற பில் சிம்மர்மன் என்னும் மென்பொருளாளர், தாம் எழுதிக்கொண்டிருந்த மறையாக்க மென்பொருளை அவ்வாண்டு ஜூன் திங்களில் விலையின்றி வெளியிட்டார். ‘பிரிட்டி குட் பிரைவசி’ என்பது அதன் பெயர், சுருக்கமாகப் பிஜிபி. மூல நிரலும் உடன் வழங்கப்பட்டமையால் எவரும் அதனை ஆராய முடிந்தது. அரசுகளிடமும் பெருநிறுவனங்களிடமும் மட்டுமே இருந்த வலிமையுள்ள மறையாக்கம், அன்றுமுதல் வீட்டுக் கணினி உடைய எவர்க்கும் கிட்டுவதாயிற்று.

பிஜிபி ஆர்எஸ்ஏ முறையைப் பயன்படுத்தியது. அதற்கெனக் காப்புரிமையாளரிடம் உரிமம் பெறப்படவில்லை. காப்புரிமையை ஆண்ட நிறுவனம் இதனை எதிர்த்தது. 1992இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் சேர்க்கப்பட்ட ‘ஐடியா’ என்னும் மறையாக்க முறைக்கும் சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் காப்புரிமை இருந்தது. வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு மட்டும் அந்நிறுவனம் இசைவளித்தது. விலையின்றி வழங்கப்பட்ட மென்பொருள் இவ்வாறு முழுமையாகக் கட்டற்றதாக இயலாது நின்றது.

1994இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் வழியாக ஓர் உடன்பாடு ஏற்பட்டது. காப்புரிமையாளர் வழங்கிய நிரல் தொகுப்பைக் கொண்டு, வணிகமற்ற பயன்பாட்டிற்கான பதிப்பு அமெரிக்காவில் சட்டப்படி வெளிவந்தது. ஆயின், மறையாக்க மென்பொருள் அமெரிக்க எல்லையைக் கடத்தலாகாது என ஏற்றுமதிச் சட்டம் தடுத்தமையால், அப்பதிப்பு வெளிநாட்டார்க்கு உரியதன்று. வெளிநாடுகளில் உருவாக்கப்பட்ட பன்னாட்டுப் பதிப்போ, காப்புரிமையின் காரணமாக அமெரிக்கர்க்கு உரியதன்று. ஒரே மென்பொருளின் இரு பதிப்புகள். மதிலுக்கு இருபுறமும் நின்ற மக்கள் மறுபுறத்துப் பதிப்பைத் தொடவியலாத நிலை. நூலொன்றை ஒரே மொழியில் இருமுறை எழுதவேண்டிய இத்தகு நிலை இலக்கிய வரலாற்றில் அரிது.

ஆயுதம் என்னும் பெயர்

ஏற்றுமதித் தடையின் வேர் ஒரு பட்டியலில் இருந்தது. அமெரிக்க அரசின் போர்த்தளவாடப் பட்டியலில் பீரங்கி, போர்விமானம் ஆகியவற்றோடு மறையாக்கக் கருவிகளும் மென்பொருளும் இடம்பெற்றிருந்தன. இரண்டாம் உலகப் போரில் பகைவரின் மறைச்செய்திகளைப் படித்தறிந்து பெற்ற நன்மையை மறவாத அரசு, தன் மறையாக்க அறிவு பகைவர் கைக்குச் செல்லலாகாது எனக் கருதியதில் வியப்பில்லை. குற்றவாளிகளும் இம்மென்பொருளைப் பயன்படுத்துவர் என்னும் அச்சமும் பொருளற்றதன்று. ஆயினும் பட்டியல், ஒரு பொறியையும் ஒரு பனுவலையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை.

பிஜிபி இணையத்தின் வழியே பிற நாடுகளுக்குச் சென்றுவிட்டமையால், 1993இல் சிம்மர்மன் மீது குற்றவியல் விசாரணை தொடங்கியது. குற்றம் உறுதிப்படின் பத்தாண்டு வரை சிறையும் ஒரு மில்லியன் டாலர் வரை தண்டமும் விதிக்கச் சட்டத்தில் இடமிருந்தது. ஏறத்தாழ மூன்றாண்டுகள் நீடித்த அவ்விசாரணை, 1996 ஜனவரியில் எவ்விதக் குற்றச்சாட்டும் பதியப்படாமல் கைவிடப்பட்டது.

இத்தடை நம்மையும் தீண்டியது. அமெரிக்காவில் வழங்கிய இணைய உலாவிகள் 128 பிட் நீளமுள்ள திறவுகோலைப் பயன்படுத்த, சிங்கப்பூர், மலேசியா உள்ளிட்ட பிற நாடுகளுக்கு ஏற்றுமதியான பன்னாட்டுப் பதிப்புகளோ 40 பிட் திறவுகோலோடு நின்றன. 40 பிட் என்பது ஏறத்தாழ 1.1 டிரில்லியன் திறவுகோல்களுள் ஒன்று. பெரிய எண்ணாகத் தோன்றினும் கணினிக்கு அது பெரிதன்று. 1995இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர் ஒருவர் பல கணினிகளை இயக்கி, அத்தகைய பூட்டொன்றை 8 நாள்களில் திறந்துகாட்டினார். 128 பிட் திறவுகோல்களின் எண்ணிக்கையோ 39 இலக்கங்களைக் கொண்டது. இணையவழியே வங்கிக் கணக்கைத் திறக்கும் நம் நாட்டார்க்கு, அயல்நாட்டுப் பட்டியலில் இருந்த ஒரு சொல் எத்துணை வலிமை குன்றிய பூட்டைத் தந்தது என்பது இதனால் விளங்கும்.

அச்சு நூலும் நெகிழ்வட்டும்

ஏற்றுமதிச் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது: அச்சு நூல்களை அது தடுக்கவில்லை. இவ்விலக்கின் பொருத்தமின்மையை வெளிப்படுத்தியவர் ஃபில் கார்ன் என்னும் பொறியாளர். மறையாக்க நிரல்கள் அச்சிடப்பட்டிருந்த புரூஸ் ஷ்னையரின் நூலை ஏற்றுமதி செய்யலாமா என அவர் 1994இல் வினவினார். செய்யலாம் என்று விடை வந்தது. அந்நூலிலுள்ள அதே நிரல்களைக் கொண்ட நெகிழ்வட்டை ஏற்றுமதி செய்யலாமா என அடுத்து வினவினார். கூடாது என்று விடை வந்தது. எழுத்து ஒன்றே, தாளில் இருப்பின் நூல், வட்டில் இருப்பின் ஆயுதம்.

இவ்விலக்கையே வழியாகக் கொண்டனர் பிஜிபி அன்பர்கள். 1995இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பதிப்பகம் பிஜிபியின் மூல நிரலை 900 பக்கங்களுக்கு மேற்பட்ட நூலாகவே வெளியிட்டது. 1997இல் ஐந்தாம் பதிப்பின் நிரல் 12 தொகுதிகளாக, 6,000 பக்கங்களுக்கு மேல் அச்சாகி, சட்டப்படி ஐரோப்பா சென்றது. ஆங்கே ஆர்வலர் பலர் கூடி, பக்கம் பக்கமாக வருடி எடுத்து, எழுத்துணரி மென்பொருளால் படித்து, பிழை களைந்து, மீண்டும் கணினி நிரலாக்கினர். நிரலில் ஒரு காற்புள்ளி பிழைத்தாலும் மென்பொருள் இயங்காது. ஆதலின், வரிதோறும் பிழை காட்டும் சரிபார்ப்பு எண்ணும் உடன் அச்சிடப்பட்டிருந்தது. ஏட்டுச்சுவடியை எழுத்தெண்ணிப் படித்துப் பதிப்பித்த நம் முன்னோரின் உழைப்பை அறிந்தவர்க்கு இப்பணியின் அருமை சொல்லாமலே விளங்கும்.

நீதிமன்றத்தில் மொழி

நூல் தடையற்றது எனில், நூலில் உள்ளது யாது? இவ்வினாவை நேராக எழுப்பியவர் டேனியல் பெர்ன்ஸ்டைன். கலிஃபோர்னியாவின் பெர்க்கிலியில் கணிதம் பயின்ற ஆய்வு மாணவர் அவர். தாம் வகுத்த ‘ஸ்நஃபுள்’ என்னும் மறையாக்க முறையை வெளியிட விரும்பி 1992இல் அரசிடம் வினவ, அது போர்த்தளவாடம், உரிமமின்றி வெளியிடலாகாது என்னும் விடை கிடைத்தது. 1995இல் அவர் வழக்குத் தொடுத்தார். அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் பேச்சுரிமையைக் காக்கின்றது. தம் நிரலும் பேச்சே என்பது அவர் வாதம்.

நிரல் கணினியை இயக்கும் கருவியே, கருத்தை உணர்த்தும் பேச்சன்று என்றது அரசு. 1996 ஏப்ரலில் மாவட்ட நீதிபதி மெரிலின் ஹால் பட்டேல் இதனை மறுத்தார். கணினி மொழியும் அதனை அறிந்தோரிடையே கருத்தைக் கொண்டுசெல்வதே. இவ்வகையில் அதற்கும் ஜெர்மன், பிரெஞ்சு முதலிய மொழிகளுக்கும் பொருளார்ந்த வேறுபாடில்லை என்பது அவர் முடிவின் சாரம். 1999 மே மாதத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இருவர்க்கு ஒருவர் என்னும் பெரும்பான்மையில் பெர்ன்ஸ்டைன் பக்கமே தீர்ப்பளித்தது.

அரசின் வாதத்தை மொழியியல் நோக்கில் ஆராய்தல் தகும். ஒன்றைச் செய்விப்பதாலேயே ஒரு கூற்று மொழியாகாது போகுமெனில், ஏவல் வினைமுற்று முழுவதும் இலக்கணத்திலிருந்து நீங்கவேண்டும். ‘கதவைத் திற’ என்பது கதவைத் திறப்பிக்கின்றது. அதனால் அது மொழியன்று என்பார் இலர். மருந்து செய்முறையும் சமையற் குறிப்பும் ஏவல்களின் தொகுதியே. நிரலும் அத்தகையதே, கேட்போருள் ஒருவர் பொறி என்பதே வேறுபாடு. அதே நிரலை மற்றொரு மனிதரும் படித்து, அறிந்து, திருத்துகின்றார். ஏவலும் மொழி எனின், எல்லா ஏவலும் தண்டனைக்கு அப்பாற்பட்டது என்பது பொருளன்று. வெளியிடுமுன் அரசின் இசைவைப் பெறுக என்னும் முன்தடையை விதிப்பதாயின், அதன் தேவையை மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசைச் சாரும் என்பதே பொருள்.

ஆசிரியர்கள் மனங்கொள்ளவேண்டிய வழக்கு மற்றொன்றும் உண்டு. ஓஹையோ மாநிலத்தில் கணினியும் சட்டமும் என்னும் பாடம் நடத்திய பீட்டர் ஜங்கர் என்னும் சட்டப் பேராசிரியர், மறையாக்க நிரலைத் தம் வகுப்பிலுள்ள அயல்நாட்டு மாணவர்க்குக் கற்பித்தலும் ஏற்றுமதியாகக் கருதப்படுமே என்று வழக்காடினார். அவர் எழுதிய பாடநூற் பகுதி அச்சில் செல்லலாம், அதிலுள்ள நிரல் மின்வடிவில் செல்ல உரிமம் வேண்டும் என்றே அவர்க்கும் விடை தரப்பட்டிருந்தது. 2000 ஏப்ரலில் மற்றொரு மேல்முறையீட்டு நீதிமன்றம், மூல நிரலும் பேச்சுரிமையின் காப்புக்கு உரியதே என்று கூறியது.

சுற்றுவழி சென்ற மென்பொருள்

வழக்குகள் நடந்துகொண்டிருக்கையிலேயே வெர்னர் கோஹ் என்னும் ஜெர்மானியர் வேறொரு வழி கண்டார். காப்புரிமை தடுக்கும் முறைகளை அறவே நீக்கி, அமெரிக்காவுக்கு வெளியே எழுதப்படும் மென்பொருளை எவரும் தடுக்க இயலாதன்றோ? டிஃபி, ஹெல்மன் முறையின் காப்புரிமை 1997இல் முடிவுற்றது. அதனைச் சார்ந்த எல்கமால் முறை அதனால் கட்டறுந்தது. ஆர்எஸ்ஏயும் ஐடியாவும் இன்றி, எல்கமால் முறையைக் கொண்டு கோஹ் எழுதத் தொடங்கிய மென்பொருளின் முதல் வடிவம் அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்தது. ‘குனு பிரைவசி கார்டு’ எனப் பெயர்பெற்ற அதன் 1.0 பதிப்பு 1999 செப்டம்பரில் நிறைவுற்றது. ஜெர்மன் அரசின் பொருளியல் அமைச்சு இப்பணிக்கு நிதி வழங்கியது குறிப்பிடத்தக்கது. ஓர் அரசு ஆயுதமெனத் தடுத்ததை மற்றோர் அரசு மக்களுக்கான பாதுகாப்பெனப் பேணியது.

நிறைவாக

2000 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் விதிகளைத் தளர்த்தியது. பொதுவில் வெளியிடப்படும் மூல நிரலை, அரசுக்கு அறிவித்துவிட்டு ஏற்றுமதி செய்ய வழி பிறந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள், காலம் முடிய இரு வாரங்களே எஞ்சியிருக்க, ஆர்எஸ்ஏ முறையைக் காப்புரிமையாளரே பொதுவுடைமையாக்கினர். ஐடியாவின் காப்புரிமைகளும் 2012க்குள் முடிவுற்றன.

இவ்வரலாற்றை வெற்றிக் கதையாகவே சொல்லி முடித்தல் நேர்மையாகாது. உடைமை என்னும் பெயர் வாதத்தால் வீழவில்லை. காலக்கெடு முடிந்தே நீங்கியது. ஆயுதம் என்னும் பெயரைத் தளர்த்தியதில் வழக்குகளுக்குப் பங்குண்டு எனினும், அயல்நாட்டுப் போட்டியால் வணிகம் இழந்த அமெரிக்க நிறுவனங்களின் அழுத்தத்திற்கும் பெரும்பங்கு உண்டு. பெர்ன்ஸ்டைன் வழக்கின் மேல்முறையீட்டுத் தீர்ப்போ, பேராயம் ஒன்று மீண்டும் விசாரிக்கும்பொருட்டு விலக்கிக்கொள்ளப்பட்டது. அவ்விசாரணைக்கு முன்னரே விதிகள் மாறிவிட்டன. நிரல் மொழியே என்னும் முடிவை அமெரிக்க உச்ச நீதிமன்றம் இவ்வழக்குகளில் உறுதிசெய்யும் வாய்ப்பு எழவேயில்லை. ஆகவே வினா இன்னும் திறந்தே உள்ளது. 2018இல் ஆஸ்திரேலியா இயற்றிய சட்டம், மறையாக்கச் செய்திகளை அணுகுதற்கு உதவுமாறு தொழில்நுட்ப நிறுவனங்களைப் பணிக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. பிற நாடுகளிலும் இவ்விவாதம் ஓயவில்லை.

அம்மாணவர் என்னவானார் என நீங்கள் வினவலாம். பெர்ன்ஸ்டைன் பின்னர் வகுத்த ‘கர்வ் 25519’ என்னும் முறை, வாட்ஸ்அப் என்னும் புலனத்தில் நாம் அனுப்பும் செய்திகளைக் காக்கும் அமைப்பின் அடிப்படைகளுள் ஒன்று. பெற்றோர் ஆசிரியர்க்கு எழுதும் குறுஞ்செய்தியும், மாணவர் தம் துயரைத் தோழர்க்கு உரைக்கும் மொழியும் இடைவழியில் எவர் கண்ணிலும் படாது செல்கின்றன எனின், ஒருகாலத்தில் போர்த்தளவாடமெனத் தடுக்கப்பட்ட அறிவே அதற்குத் துணை நிற்கின்றது.

பொருளுக்குப் பெயரிடுதல் மொழியின் முதல் தொழில். பெயர் இட்டபின் அதன்வழியே சட்டமும் தண்டனையும் வருகின்றன. ‘ஆயுதம்’ என்பதை ஏற்றோர்க்கு உரிமமும் சிறையும் இயல்பாகத் தோன்றின. ‘மொழி’ என்பதை ஏற்றோர்க்கு அவையே முறைகேடாகத் தோன்றின. இனிப் புதிய தொழில்நுட்பம் ஒன்று குறித்து ஒரு சட்டம் வரும்போது, அச்சட்டம் என்ன தண்டனை விதிக்கின்றது என்பதற்கு முன்னர், அப்பொருளுக்கு அது என்ன பெயர் இடுகின்றது என்பதை நம் மாணவர்கள் படித்துப் பார்க்கவேண்டும். சொல்லாராய்ச்சி கற்பிக்கும் ஆசிரியர்கள் அப்பழக்கத்தை அவர்க்கு அளிக்க வல்லவர்கள்.